வண்டி ஒழுகுது

12 மே 2003, திங்கள்

மூடுபனி. பத்து மணிக்கு வெயில் எட்டிப் பார்த்தது, அத்தோடு சரி. லாட்ஜ் கொடியில் முப்பத்திரண்டு படுக்கை விரிப்பு, ஒன்றும் காயவில்லை. நாலாம் நம்பர் அறை விரிப்பில் பீட்ரூட் நிறத்தில் ஏதோ கறை. என்னவென்று யோசிக்கக்கூடப் பிடிக்கவில்லை. ஊறப்போட்டேன்.

மூன்று நாள் லீவு கேட்டேன். சீசனில் லீவா என்று முதலாளியம்மா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். உனக்கு அப்பா இருக்காரா என்று கேட்டார். பத்து வருடமாக வட்டக்கானலில் இவருடைய லாட்ஜில்தான் துணிமணிகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஆமாம், இருக்கிறார் என்று சொல்ல எனக்கே கூச்சமாகிவிட்டது.

விஷயத்தை எழுதிவிடுகிறேன். பதினான்கு வருடத்துக்கு முன்னால் எங்களை விட்டுப் போன மனுஷர் மண்டபத்தில் ஒரு கருவாட்டுக்காரம்மாவோடு குடித்தனம். மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம். வலது கை கால் விழுந்துவிட்டது. அந்தம்மா இப்போது தூத்துக்குடியில் மகனோடு போய் இருக்கப் போகிறாளாம், மகன் இவரைச் சேர்க்க மாட்டேன் என்கிறானாம். சனிக்கிழமை லாட்ஜுக்கு போன் போட்டு, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். பழைய பீரோவை எடுத்துப் போகச் சொல்வது போல.

அவர் போனபோது என் நிச்சயதார்த்தத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அப்புறம் வரவில்லை. எனக்கு இப்போது நாற்பத்தொன்று. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இந்த நோட்டில் அவரை மேற்படியார் என்றே எழுதுவேன். வேறு வார்த்தை கைக்கு வரவில்லை.

ஏற்பாடு: வத்தலக்குண்டுக்கு வெளியே கன்னியர் நடத்தும் முதியோர் இல்லம். ஒரு கட்டில் காலி. நேற்று நானே போய்ப் பேசிவிட்டு வந்தேன். வியாழன் பகல் பன்னிரண்டு வரை வைத்திருப்பார்கள், அப்புறம் வேறு ஆளுக்கு. மண்டபத்திலிருந்து நேராக அங்கே கொண்டுபோய் இறக்கிவிடுவது. மலை ஏற்றுவதாக இல்லை. தம்பி சேவியரிடம் இதை மூன்று தடவை சொன்னேன். "பாப்பம்க்கா" என்றான். அவன் பாப்பம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குக் கூட்டி வர நினைக்கிறான். பாசமாம். அவர் போனபோது இவனுக்கு இருபத்திரண்டு வயது, பால்குடி இல்லை.

அம்மாவிடம் கேட்டேன். "ஒங்க சோலி. எனக்கென்ன தெரியும்" என்று பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தோலையும் பட்டாணியையும் ஒரே சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் அவரை உட்கார வைக்க முடியாது. சீசனில் டாக்சிக்காரர்கள் அந்தத் தூரம் வரமாட்டார்கள். ஆக, தம்பி சே.யின் கார். ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருவரிடம் வாங்கியது. கதவு இடுக்கில் பாசி. அடியில் ஆயில் ஒழுகும். அட்டுவம்பட்டி முழுக்க இது தெரியும், ஏனென்றால் எங்கள் முற்றம் முழுக்கக் கறுப்பு. அம்மாவின் கொத்தமல்லிப் பாத்தி செத்து ஒரு வருடம் ஆகிறது. எஞ்சினுக்குள் சீல் போய்விட்டது, பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஒழுகுகிறது என்றால் உள்ளே ஆயில் இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்கிறான் இவன்.

எடுத்து வைத்தவை:
ஆயில், ஐந்து பாட்டில். (டின்னிலிருந்து ஊற்றினால் சிந்துமாம், சின்னப் பாட்டில் வேண்டுமாம். டூரிஸ்ட்டுகள் அறையில் குடித்துப் போட்டுவிட்டுப் போகும் தட்டை பாட்டில்கள். கழுவிக் கொண்டுவந்து கொடுத்தவள் நான்.)
புனல்.
துடைக்கத் துணி. பார்த்தால் லாட்ஜ் தலையணை உறை. கழித்துப்போட்டது என்று எடுத்தானாம். கழிக்காதது.
ரப்பர் ஷீட், பழைய வேட்டி நாலு, டெட்டால்.
எனக்கு ஒரு புடவை. வாந்திக்கு எலுமிச்சம்பழம்.

டெட்டாலை மூடி இறுக்கி வைத்தேன். எப்படியும் கொட்டும்.


13 மே, செவ்வாய். மண்டபம்

வெள்ளனே நாலரைக்கு எழுந்து, ஐந்து இருபதுக்குப் புறப்பாடு. அம்மா வெளியே வரவில்லை. விளக்கு மட்டும் எரிந்தது.

பெருமாள்மலை: டீ. சே. டீயைக் கையில் வைத்துக்கொண்டே வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான், அதில் பாதி தரையில்.
டம்டம் பாறை: நாலு டூரிஸ்ட் பஸ். எல்லோரும் அருவியைப் படம் எடுக்கிறார்கள், முதுகுக்குப் பின்னால் வரிசையாக நின்று சிறுநீர் கழிக்கிறார்கள். பிரேக் கருகும் நாற்றம்.
வத்தலக்குண்டு: முதல் பாட்டில்.
மதுரைக்கு வெளியே: இரண்டாவது.
பரமக்குடி: மூன்றாவது.

ஒவ்வொரு அறுபது கிலோமீட்டருக்கும் இந்தப் பூசை உண்டு. நிறுத்த வேண்டும். எஞ்சின் ஆறப் பத்து நிமிடம். பானெட்டைத் தூக்கி, ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை உருவி, தலையணை உறையில் துடைத்து, திரும்பச் சொருகி, திரும்ப உருவி, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். அப்புறம் "கொஞ்சம் ஊத்துவம்" என்பான். கொஞ்சம் ஊற்றாமல் ஒரு தடவையும் கிளம்பியது இல்லை. அவன் ஊற்றும்போது புனலைப் பிடிப்பது என் வேலை. கை, புடவை, கைப்பை, எலுமிச்சம்பழம் வரை ஆயில். பழத்தை முகர்ந்தால் வாந்தி நிற்க வேண்டும், எனக்கு வந்தது.

இதைவிட மோசம் ஜனங்கள். கொடைக்கானலில் இருந்து மண்டபம் வரை, பார்க்கிறவன் எல்லாம் சொல்கிறான். "அண்ணே, வண்டி ஒழுகுது." நிலக்கோட்டையில் பூக்காரம்மா. மதுரை சிக்னலில் மோட்டார் சைக்கிள்காரர், பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, அதற்குப் பின்னால் நின்ற ஆட்டோக்காரர், வரிசையாக. மானாமதுரையில் சைக்கிளில் ஒரு தாத்தா மூச்சு வாங்க விரட்டி வந்து கண்ணாடியைத் தட்டினார். சே. ஒவ்வொருவரிடமும் அப்போதுதான் கேள்விப்படுகிறவனைப் போல, அப்படிங்களா, ரொம்ப நன்றிங்க என்கிறான். எனக்கு ஒரு போர்டு எழுதி மாட்டலாம் என்றிருந்தது.

அக்னி நட்சத்திரம். ராமநாதபுரத்துக்கு இப்பால் சீட்டு ரெக்ஸின் முதுகில் ஒட்டிக்கொண்டு, எழுந்தால் தோலோடு வந்தது. மலையில் முப்பது வருடம் இருந்த உடம்புக்கு இந்த வெயில் தண்டனை.

மூன்று நாற்பதுக்கு மண்டபம். சிலோனில் இருந்து கப்பலில் வந்து முதலில் எங்களை வைத்த கேம்ப் இங்கேதான். எனக்கு அப்போது பத்து வயது. அந்தத் தகரக் கொட்டகைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். சே. நிறுத்திப் பார்க்கலாமா என்றான். ஓட்டு என்றேன்.

வீடு: ஓலை, ஒரே அறை. வாசலில் கருவாடு காய்கிறது. அந்தம்மாவுக்கு அறுபது இருக்கும். நான் நினைத்து வைத்திருந்த மாதிரி எதுவும் இல்லை. மூக்குத்தி இல்லை, பவுடர் இல்லை, கால் வீங்கிய ஒரு கிழவி. சண்டை போடத் தயாராகப் போனேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எரிச்சலாக வந்தது.

மேற்படியார் கயிற்றுக் கட்டிலில். வாய் ஒரு பக்கம் இறங்கிக் கிடக்கிறது. அந்த மூலையில் எச்சில் நூலாக வடிகிறது, அவருக்குத் தெரியவில்லை. நகத்தில் அழுக்கு. மூத்திர வாடை, கருவாட்டு வாடை, எங்கள் ஆயில் வாடை. நான் நிலைப்படியிலேயே நின்றேன். என்னைப் பார்த்தார். பாதி வார்த்தை மூக்கில் வருகிறது, ஆனால் புரிகிறது.

"அம்மா வரலியா?" என்றார்.

பதினான்கு வருடம் கழித்து முதல் கேள்வி இது. நாக்கு இழுத்துக்கொண்டும் கூசவில்லை. நான் வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்தம்மா பின்னாலேயே வந்து மாத்திரைச் சீட்டைக் கொடுத்தாள். மூணு வேளை இது, ராத்திரிக்கு இது. பால் சேராது, கழிச்சல் போகும். "சாயம் மட்டும் நேரத்துக்குக் குடுத்துருங்க தாயி, அது இல்லன்னா பிள்ளை மாதிரி அழுவாரு." நாளைக்கு வழிக்கென்று போட்டு வைக்கிறாளாம்.

சாயம் என்றால் பால் ஊற்றாத தேயிலைத் தண்ணீர். சிலோன் எஸ்டேட் பேச்சு. எங்கள் வீட்டில் இன்றைக்கும் அதுதான் பெயர். வெளியில் சொன்னால் துணிக்குப் போடும் சாயம் என்று நினைத்துச் சிரிப்பார்கள், அதனால் லாட்ஜில் பிளாக் டீ என்பேன். இவர் அந்த ஒரு வார்த்தையை இங்கே கொண்டுவந்து இன்னொருத்தி வாயிலும் போட்டிருக்கிறார். எனக்கு ஏனோ மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் ஆத்திரமாக இருந்தது.

தங்கல்: கோயில் அறை. சே. சாயங்காலம் போய் அவருக்குச் சவரம் செய்துவிட்டு, குளிப்பாட்டிவிட்டு வந்தான். கன்னம் எல்லாம் பள்ளம்க்கா என்றான். நான் கேட்கவில்லை.


14 மே, புதன். மாலை 6. ஆஸ்பத்திரி பெஞ்ச்

நோட்டு மடியில். எழுத்து சரியாக இல்லாவிட்டால் பரவாயில்லை, யார் படிக்கப் போகிறார்கள்.

வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஒன்பதுக்குக் கிளம்பினோம். அந்தம்மா அழவில்லை. ஒரு துணிப் பையைக் காலடியில் வைத்தாள். அதில் மாத்திரை, துண்டு, சாயம் இரண்டு பாட்டில். பாட்டில் அதே தட்டை பாட்டில். நாடு முழுக்க ஒரே பாட்டில்தான் போல. அவர் அவளிடம் ஏதோ சொன்னார், அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பின் சீட்டில் அவர், பக்கத்தில் நான். பிடிக்காவிட்டால் சரிந்துவிடுவார். வலது பக்கம் சரிகிறார், அந்தப் பக்கம் நான். அவர் தலை என் தோளில். எச்சில் என் ரவிக்கையில். ஒவ்வொரு தடவையும் துண்டால் துடைத்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். உச்சிப்புளியிலேயே வேட்டி நனைந்துவிட்டது. சே. மாற்றினான். நான் கருவேல மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அருவருப்பு. வேறு நல்ல வார்த்தை தேடவில்லை. இரண்டு தடவை குமட்டி ஓங்கரித்தேன், அவருக்குக் கேட்டிருக்கும்.

பரமக்குடியில் நிறுத்தினான். கம்பி, தலையணை உறை, வெளிச்சம், கொஞ்சம் ஊத்துவம். பாட்டிலில் பாதி மிச்சம். டிக்கியைத் திரும்பத் திறக்கச் சோம்பல்பட்டு, மிச்சத்தைப் பின் கதவு வழியாக என் காலடிப் பையில் செருகினான். செருகியதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்று எழுதுகிறேன். மனதில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

மானாமதுரை வருவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். "சாயம். சாயம், புள்ள." கொஞ்ச நேரம் காது கேட்காதது போல இருந்தேன். நிறுத்தவில்லை. குனியாமல் கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திருகினேன். அவர் வாயில் வைத்துச் சாய்த்தேன். முகம் ஜன்னல் பக்கம். அந்த வாயைப் பார்க்க வேண்டாம் என்றுதான். புது ஆயில் சாய நிறம்தான், பார்த்திருந்தாலும் ஏமாந்திருப்பேனோ என்னவோ. வாசனையா, இரண்டு நாளாக எனக்கு உலகமே அந்த வாசனை.

இரண்டு மடக்கு, இல்லை மூன்று. விழுங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் இடது கையால் பாட்டிலை மெதுவாகத் தள்ளினார். துப்பவில்லை. போதும் போல என்று மூடிப் பையில் வைத்தேன்.

கொஞ்ச தூரம் போய்த்தான் இருமல். இருமியதில் என் கைமேல் தெறித்தது. துடைக்கப் போனேன். வழுக்கியது. தண்ணீர் அப்படி வழுக்காது. கறை பார்த்தே பிழைக்கிறவள் நான்.

சேவியரு, நிறுத்து என்றேன். அவன் திரும்பவில்லை. முதுகில் அடித்தேன்.

வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கலாம் என்று போனேன். அந்த வாய்க்குள், என் விரலை. அப்போது அருவருப்பு எங்கே போனதோ தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறார். சே. வண்டியை எடுத்து ஓட்டின ஓட்டத்தில் இந்த ஆஸ்பத்திரி வந்தது. சின்னது. பெயர் எதற்கு.

சின்ன வயது டாக்டரம்மா காருக்கே வந்தார். சே. ஸ்ட்ரெச்சர் பிடிக்க ஓடிவிட்டான், காரில் நானும் அவரும். என்ன குடிச்சார் என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேற்படியார் முந்திக்கொண்டார்.

"நானேதான் எடுத்துக் குடிச்சேன். இந்தப் புள்ள பாக்கல. சாயம்னு..."

அதற்கு மேல் இருமல். டாக்டர் முகம் மாறிவிட்டது. "சாயமா? தலைக்கு அடிக்கிற சாயமா? எவ்ளோ நேரமாச்சு?" நர்ஸிடம் ட்யூப் எடுத்துட்டு வா, வயித்தக் கழுவணும் என்கிறார். அவரே குடிச்சதுன்னா போலீசுக்குச் சொல்லணும், அந்த ரெஜிஸ்டர் எங்கே என்கிறார். இந்தப் பக்கம் தலைச் சாயத்தைக் குடித்துச் சாகப் பார்க்கிறவர்கள் உண்டாம். ட்யூபோடு ஒரு நர்ஸ் ஓடி வருகிறாள். இவர் தலையை ஆட்டுகிறார், ஆமாம் என்கிறாரா இல்லை என்கிறாரா, யாருக்கும் விளங்கவில்லை.

நான் சும்மா நின்றேன். பத்து எண்ணும் நேரம் இருக்கும். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்தப் பத்தில் எனக்குத் தோன்றியது, இவராகவே குடித்தார் என்று ரெஜிஸ்டரில் எழுதிவிட்டால் என் கை சுத்தம். யாருக்கும் தெரியாது. அவரே சொல்லிவிட்டார். தோன்றியது, தோன்றவில்லை என்று எழுத மாட்டேன்.

ட்யூபை அவர் மூக்கருகே கொண்டு போனார்கள்.

"தலச் சாயம் இல்லங்க. எங்க வீட்டுல பால் ஊத்தாத டீயத்தான் சாயம்போம். இவரு குடிச்சது எஞ்சின் ஆயில். குடுத்தது நான்."

டாக்டர் நர்ஸின் கையைப் பிடித்து நிறுத்தினார். ஆயில் என்றால் ட்யூப் போடவும் கூடாது, வாந்தி எடுக்கவும் கூடாது, மேலே வந்து நெஞ்சுக்குள் இறங்கினால் நுரையீரல் கெட்டுவிடும், வயிற்றில் இருந்தால் தானாகப் போய்விடும். என்னைப் பார்த்தார். "பாத்துக் குடுக்க மாட்டீங்களா?" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தேன் என்று ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது.

இப்போது உள்ளே படுத்திருக்கிறார். காலை வரை பார்க்க வேண்டுமாம். மூச்சு சுத்தமாக இருக்கிறது என்றார்கள். சே. வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறான், என் முகத்தைப் பார்க்கவில்லை. வார்டு வாசலில் ஒரு அம்மா இன்னொருத்தியிடம் சொல்கிறாள்: "பெத்த அப்பனுக்கு ஆயிலக் குடுத்துருக்குங்கடி."

என் கையை மூன்று தடவை கழுவினேன். போகவில்லை.


15 மே, வியாழன். காலை 7.30

பயமில்லை, கூட்டிப் போகலாம் என்றார் டாக்டர். இருமல், காய்ச்சல் வந்தால் உடனே காட்ட வேண்டும்.

விடிந்ததும் அவரிடம் போய்க் கேட்டுவிட்டேன். சே. டீ வாங்கப் போயிருந்தான். சாயம் இல்லை என்று முதல் மடக்கிலேயே தெரியாதா, ஏன் துப்பவில்லை என்றேன்.

"துப்புனா ஓம்மேல படும்" என்றார். "ஒனக்கு ஏலாது. பாத்துக்கிட்டுத்தான வந்தேன்."

எனக்கு வந்த கோபம். இதெல்லாம் யார் கேட்டது? என் அருவருப்பு என்னுடையது, நான் பதினான்கு வருடம் வைத்துக் காப்பாற்றியது. அதற்கு இவர் மரியாதை செய்கிறாராம், ஆயிலை விழுங்கி. டாக்டரிடம் தானே குடித்தேன் என்று வேறு. இப்படி இரண்டு காரியம் செய்துவிட்டால் தராசு சமமாகிவிடும் என்று கணக்கா? ஆகாது. ஆகக் கூடாது. என்மேலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது, அதைத் துடைக்க எந்தத் துணியும் தெரியவில்லை.

நர்ஸ் கொண்டுவந்த இட்லியை ஊட்டினேன். முகத்தைத் திருப்பவில்லை. பிடித்து அல்ல, பயத்தில். இன்றைக்கும் எச்சில் எச்சிலாகத்தான் இருக்கிறது.

எட்டு மணிக்குப் புறப்பாடு. பன்னிரண்டுக்குள் வத்தலக்குண்டு போக வேண்டும். வெரசா ஓட்டு என்றேன் சே.யிடம். அக்கா இன்னுமா என்பது போலப் பார்த்தான். இன்னும்தான்.


அதே நாள். மாலை 6. வீடு

மதுரையில் கடைசிப் பாட்டில், வாடிப்பட்டி தாண்டி புதிதாக வாங்கியதில் ஒன்று. இப்போதெல்லாம் பாட்டிலை நானே டிக்கியில் வைக்கிறேன். வாடிப்பட்டிப் பக்கம் தூரத்தில் மலை தெரிந்ததும் மேற்படியார் தலையை என் தோளில் இருந்து எடுத்து நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை.

இல்லத்தின் கேட் பதினொன்று இருபதுக்கு. வேப்ப மரம், சுத்தமான முற்றம், கொடியில் வெள்ளை விரிப்புகள். நன்றாக வெளுத்திருந்தார்கள், அதைக் கவனித்தேன். சிஸ்டர் ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சே. எஞ்சினை நிறுத்தவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தான். கழுத்து நரம்பு தெரிந்தது. நான் சொல்லாமல் இறங்கமாட்டான், சொன்னால் இறங்கித் தூக்குவான், அப்புறம் எத்தனை வருடம் என்னோடு பேசாமல் இருப்பானோ.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான். மேற்படியார் மறுபடி முந்திக்கொண்டார்.

"நல்ல எடமா இருக்கு. எறக்கிவிடு சேவியரு. ஒங்கம்மா மொகத்தப் பாக்க எனக்கு ஏலாது. நா இங்கயே போறேன்."

இடது கையால் கதவைத் தேடுகிறார். கைப்பிடி எங்கே என்று தெரியவில்லை, தடவுகிறார். என் வேலையை எனக்கு மிச்சமாக்குகிறாராம். நான் கொண்டுவந்து விட்டதாக இல்லாமல், அவராகவே போனதாக இருக்கட்டுமாம். பார்க்கிறவர்களுக்கு நல்ல மனுஷர்.

அந்தக் கை தடவுவதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ எரிந்தது. அன்றைக்கும் இப்படித்தான் போயிருப்பார். காலையில் குடையை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு. அம்மா அடுப்படியில் இருந்தாள். பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் என்று எட்டு நாள் தேடினோம். செத்துவிட்டார் என்று நினைத்துப் பூசைக்குக்கூடச் சொன்னாள் அம்மா, மண்டபத்தில் இருக்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது.

நான் குறுக்கே கையை நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"போன தடவ யார்ட்டயும் சொல்லாமப் போனீங்க" என்றேன். "இந்தத் தடவ அம்மாட்ட சொல்லிட்டுப் போங்க."

சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். கட்டிலை நாளை சாயங்காலம் வரை வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போனார். சே. கியர் போட்ட சத்தம் பெரிதாகக் கேட்டது. சிரித்தானா தெரியவில்லை, சிரித்திருந்தால் அடித்திருப்பேன். இது மன்னிப்பு இல்லை என்று அவனிடம் தெளிவாகச் சொன்னேன். சரிக்கா என்றான்.

மலை ஏற இரண்டரை மணி நேரம் ஆக வேண்டியது கிட்டத்தட்ட ஆறு ஆயிற்று. வெள்ளி அருவிக்குக் கீழே ஒரு மைலுக்கு வண்டிகள் நிற்கின்றன. ஜனங்கள் ரோட்டிலேயே சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டு இலையைப் பள்ளத்தில் எறிகிறார்கள். ஊத்து கிராமத்தில் இருந்து குளிர ஆரம்பித்ததும் அவர் உடம்பு உதறியது. என் சால்வையைப் போர்த்தினேன். அது கெட்டுப்போயிற்று, இனி நான் போட மாட்டேன்.

ஐந்தேகாலுக்கு அட்டுவம்பட்டி. பனி இறங்கியிருந்தது. வண்டிச் சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தாள். நாங்கள் இரண்டு பேர்தான் வருவோம் என்று நினைத்திருப்பாள். சே. பின் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். நான் அவரைக் கொஞ்சம் நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு அந்தப் பக்கமாக இறங்கிக்கொண்டேன்.

அம்மா வந்து நாலடி தள்ளி நின்றாள். வாய் கோணிய பக்கத்தைப் பார்த்தாள். என் சால்வையைப் பார்த்தாள். அவர் இடது கையால் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார் போல, இந்த ஒரு தடவை வார்த்தை ஒழுங்காக வந்தது.

"சிசிலி, போயிட்டு வர்றேன்."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். ஈரக் கை இல்லை, சும்மா துடைத்தாள்.

"எங்க போறீங்க?" என்றாள்.

திட்டவில்லை, அழவில்லை. கடைக்குக் கிளம்புகிறவரிடம் கேட்பது போலத்தான் கேட்டாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார். சே. கீழே பார்த்துக்கொண்டு நின்றான். நான் உள்ளே வந்துவிட்டேன்.

மணி ஆறாகிறது. ஜன்னலில் தெரிகிறது. அவர் இன்னும் காரில்தான் இருக்கிறார். அம்மா அங்கேயேதான் நிற்கிறாள்.